சீப்பு, பிரஷ், சாவி, பேனா

அது பெரிய அலுமினிய டிபன் டப்பா. மூடியில் ஓரிடத்தில் ஒடுக்கு விழுந்திருந்ததால் திறக்கும்போது ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு, பிறகு டப்பென்று கழன்று வரும். சோறு எடுத்துப் போவதற்காக வாங்கியதுதான். ஆனால் என் நினைவில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் அதற்குள் சோறு இருந்ததில்லை. ஒரு கறுப்புச் சீப்பு, ஒரு பல் பிரஷ், பூட்டைத் தொலைத்துவிட்ட ஒரு சாவி, பேனா, கரண்டி, சோப்பு, கத்தரிக்கோல், எவர்சில்வர் டம்ளர், தீப்பெட்டி, ஓடாத கைக்கடிகாரம். ஆக மொத்தம் பத்து. இதே வரிசையில்தான் வெளியே எடுக்க வேண்டும், இதே வரிசையில்தான் திரும்ப வைக்க வேண்டும். இன்றைக்கு யாராவது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிடுவேன். ஒப்பித்து என்ன பிரயோஜனம்?

டப்பா பெரிய டீச்சருடையது. பெரிய டீச்சர் என்றால் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியை. செந்துறையிலிருந்து அரியலூர் பஸ்ஸில் ஏறி, நாலைந்து நிறுத்தம் தாண்டி இறங்கி, முந்திரிக் காட்டின் ஓரமாகக் கால்மணி நேரம் நடந்தால் அந்தத் தொடக்கப் பள்ளி வரும். ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள், இரண்டே ஆசிரியைகள். ஊர் எங்களுக்குப் பெயர் வைத்துச் சிரமப்படவில்லை. அவர் பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். மூன்றாவதாகச் சத்துணவு ஆயா ஒருவர். பள்ளிக்கூடம் என்பது நாங்கள் மூன்று பேர்தான்.

பெரிய டீச்சர் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "அதுக்கெல்லாம் எங்கங்க நேரம்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார். பள்ளிக்கு நாலு வீடு தள்ளி வாடகை வீடு. காலையில் மணியடிப்பதற்கு முன்பே வந்து, ஒரு கையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் மறு கையில் சீப்புமாக வாசலில் நிற்பார். காட்டு வேலைக்கு விடியற்காலையில் போய்விடுகிற தாய்மார்களின் பிள்ளைகள் தலைவிரி கோலமாகத்தான் வரும். ஒவ்வொன்றையும் இழுத்து நிறுத்தி, கை நிறைய எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்து வாரிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். எல்லாத் தலைக்கும் ஒரே சீப்பு என்பதால் ஒருத்தி தலையில் இருந்த பேன் மாதக் கடைசிக்குள் பள்ளி முழுவதற்கும் பொதுவாகிவிடும். நான் சொன்னால், "பேன் புடிச்சாப் புடிக்கட்டும் டீச்சர், பரட்டைத் தலையோட உக்காந்தா பாடம் ஏறாது" என்பார். இதற்கு என்ன ஆதாரம் என்று நான் கேட்டதில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஏ.இ.ஓ. என்கிற உதவிக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளுக்கென்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அதிகாரி என்னென்ன கேட்பார் என்பது போன ஆண்டு கேட்டதிலிருந்தே தெரியும். பதினைந்து இருபது கேள்விக்கு மேல் போகாது. பெரிய டீச்சர் ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். ஜன்னலோரம் முதல் பெண்ணுக்கு முதல் கேள்வி, அடுத்தவளுக்கு இரண்டாவது, இப்படியே. அதிகாரியின் நாற்காலியையும் ஜன்னலைப் பார்த்துத்தான் போடுவார். ஒரு மாதம் அதே இடம், அதே பதில். ஒரு வருடம், மூன்றாவதாக உட்கார வேண்டிய பெண் அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். வரிசை ஒன்று நகர்ந்துவிட்டது. நம் மாநிலப் பறவை எது என்று அதிகாரி கேட்க, எழுந்து நின்ற பையன் கணீரென்று "பனைமரம்" என்றான். அடுத்தவள் எந்தக் கேள்வி என்றே பாராமல் "தஞ்சாவூர்" என்றாள். அதிகாரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு டீ குடித்துப் போனார். பெரிய டீச்சருக்குக் காய்ச்சல்காரி மேல்தான் கோபம். முறையின் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சொல்லப் போனால் எனக்கும் வரவில்லை. நானும் மறு வருடம் அப்படியேதான் பிரித்துக் கொடுத்தேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அவர் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனியவில்லை, சரிந்தார். ஒரு மினி லாரியைப் பிடித்து அரியலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு. நெய்வேலியில் இருந்த அவருடைய தம்பி ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு, கொஞ்சம் நடக்க வந்ததும் ஊருக்கு அழைத்து வந்தார். நேராக நெய்வேலிக்குக் கூட்டிப் போகத்தான் தம்பிக்கு விருப்பம். பெரிய டீச்சர் அந்தப் பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஸ்கூலு, ஸ்கூலு" என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்போது அவரிடம் மிச்சமிருந்த சொற்கள் மொத்தமே ஏழெட்டு இருக்கும். அதில் ஒன்று அது.

தம்பி என்னிடம் விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னார். "அக்காவுக்கு நம்ம பேசறது புரியுதுங்க டீச்சர். ஆனா பொருளோட பேரு வர மாட்டேங்குது. சீப்பைக் காட்டுனா பிரஷ்ங்குது, பிரஷ்ஷைக் காட்டுனா சீப்புங்குது. லீவு முடியறப்போ பெரம்பலூர்ல மெடிக்கல் போர்டுக்குப் போவணுமாம். அவங்க பாத்து, வேல பாக்கலாம்னு எழுதிக் குடுத்தாத்தான் சேர முடியும். இல்லேன்னா அதோட வூட்டுக்கு அனுப்பிருவாங்க. நான் நெய்வேலிக்கு அழச்சிட்டுப் போயிருவேன். எங்க வூட்ல ஒரு கொறையும் இருக்காது. ஆனா அது அங்க வந்தா ஆறு மாசம் தாங்காதுங்க." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்டில் என்ன கேட்பார்கள் என்று நான் கேட்டேன். திருச்சி டாக்டர் ஒரு தட்டில் சாமான்களை வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கேட்டார், இங்கேயும் அப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது என்றார். அன்றைக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் அந்தச் சாமான்களை ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். சீப்பில் தொடங்கிக் கடிகாரத்தில் முடியும் பத்துப் பெயர்கள்.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஓர் ஆசிரியையிடம் போன வருடக் கேள்வித்தாளைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள்? நானும் அதைத்தான் செய்தேன்.

பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு அவர் வீட்டுக்குப் போவேன். ஆயா ஏற்கனவே அங்கே இருப்பார். சோறு வடிப்பது, துணி அலசுவது, குளிக்க வைப்பது எல்லாம் அவர்தான். முற்றத்தில் பாயை விரித்து டப்பாவைத் திறப்போம். முதல் பிரச்சினையே முதல் இரண்டு பொருளில் வந்தது. தம்பி பிரஷ் என்றுதான் எழுதியிருந்தாரே தவிர எந்த பிரஷ் என்று எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பிரஷ் என்றால் பல் துலக்குவது. அதை விட்டால் துணி துவைப்பது, சுண்ணாம்பு அடிப்பது. தலை வாருவதற்கும் ஒரு பிரஷ் உண்டு என்று எனக்குத் தெரியும், திருச்சியில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். ஒருவேளை டாக்டர் காட்டியது அதுவாக இருந்தால்? அப்படியானால் சீப்பு செய்கிற வேலையையே செய்யும் ஒரு பொருளைக் காட்டி, இது சீப்பு இல்லை, பிரஷ் என்று இந்த அம்மாளுக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்? யோசித்து யோசித்து, கடைசியில் பல் பிரஷ்ஷையே வைத்தேன்.

அதையும் விளக்கத்தான் பார்த்தேன். விளக்குவது என் தொழில் இல்லையா? "டீச்சர், இங்க பாருங்க. இதுக்குப் பல்லு இருக்கு. பல்லு இருந்தா சீப்பு. இதுக்கு முடி இருக்கு. முடி இருந்தா பிரஷ்." அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு சீப்பின் பல்லைத் தொட்டார், தன் பல்லைத் தொட்டார். பிரஷ்ஷின் முடியைத் தொட்டார், தன் தலையைத் தொட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பல் இருப்பது தலைக்குப் போகிறது, முடி இருப்பது பல்லுக்குப் போகிறது. இதை உண்டாக்கியவனுக்குத்தான் மூளை குழம்பியிருக்க வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆயா, "அவுங்க கேக்கறது ஞாயந்தானேங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். பெரிய டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல், வாயின் வலது ஓரம் மட்டும் அசையாமல் இருக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நோய்க்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து அந்த இரண்டும் இன்னும் மோசமாகக் குழம்பிவிட்டன. என் விளக்கம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒருநாள் மாணவி ஒருத்தியின் அப்பா கொல்லையில் பழுத்ததென்று இரண்டு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். பெரிய டீச்சர் அதைக் காட்டி, "சீப்பு" என்றார். நான் கைதட்டிவிட்டேன். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். மறுநாள் ஆயா தயங்கித் தயங்கி, "நீங்க போனப்பறம் பூனையப் பாத்தும் அதத்தான் சொன்னாங்க" என்றார்.

ஆனால் சில விஷயங்கள் அவரிடம் பத்திரமாக இருந்தன. அந்தி ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் முழுவதுமாகச் சொல்வார். ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு தொடங்கி வைத்தால் போதும், கடகடவென்று போய் முடிப்பார். நடுவிலிருந்து, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். முதலிலிருந்து வந்தால் அந்த இடத்தைத் தாண்டும்போது தானாக வரும். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பெயர்தான் வராது, வரிசை வருகிறதல்லவா? பத்துப் பெயரையும் வாய்ப்பாடாக்கிவிட வேண்டியதுதான். சீப்பு, பிரஷ், சாவி, பேனா. கரண்டி, சோப்பு, கத்தரிக்கோல். டம்ளர், தீப்பெட்டி, கடிகாரம். மூன்று மூச்சில் முடியும்படி ராகம் போட்டேன். முதலில் பொருளைக் காட்டாமல் வெறும் ராகம். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளை எடுத்து அவர் முன்னால் வைப்பேன். ஐந்தாவது வாரத்தில் பத்துக்குப் பத்து. என் குரல் இல்லாமல், தானாக, கணீரென்று. அன்றே நெய்வேலிக்கு போன் செய்து தம்பியிடம் சொன்னேன்.

அந்த வாரமே ஆயா ஒரு காரியம் செய்தார். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து, டப்பாவுக்குள்ளிருந்து சாவியை முதலில் எடுத்துக் காட்டினார். பெரிய டீச்சர் "சீப்பு" என்றார். கரண்டியைக் காட்டினார். "பிரஷ்." ஆயா என்னைப் பார்த்து, "மாத்திக் கேட்டாப் போச்சுங்களே டீச்சரம்மா" என்றார்.

"எதுக்கு மாத்திக் கேக்கறாங்க? இந்த வரிசையிலதான் கேப்பாங்க. நீங்க போயி வேலயப் பாருங்க" என்றேன்.

அவர் போகவில்லை. "பேரு தெரியாட்டி என்னங்க. அது எது எதுக்குன்னு தெரியுதுல்ல? காலைல நாந்தான் பாக்கறேன், பிரஷ்ஷக் குடுத்தா பல்லுதான் வெளக்குறாங்க. சீப்பக் குடுத்தா தலதான் வாருறாங்க. ஒருநா கூட மாத்திச் செய்யல. அத அந்த டாக்டருக்கிட்டச் சொல்லப்படாதா?" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத பெண், எங்களுக்கு என்ன சொல்லித் தருவது என்ற நினைப்புத்தான் எனக்கு அப்போது இருந்தது. இதைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் குறிப்பை எழுதியே பயனில்லை.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த மூன்று நாள் நானே மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தேன். முதல் நாள் அவர் தடுமாறினார். இரண்டாம் நாள் அழுதார். மூன்றாம் நாள் நான் கத்தரிக்கோலை முதலில் எடுத்ததும், என் கையிலிருந்து அதை வாங்கி, இடது கையால் பத்தையும் பாயில் பரப்பி, மெதுவாக ஒவ்வொன்றாக நகர்த்திச் சரியான வரிசையில் அடுக்கினார். அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ பிள்ளைகளின் கண்ணில் நான் பார்த்த அதே கெஞ்சல். போர்டுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. எனக்கும் வேறு எதுவும் தெரியவில்லை. நான் திரும்பவும் சீப்பிலிருந்து தொடங்கினேன்.

பெரம்பலூருக்குப் போன அன்று தம்பிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் பெரிய டீச்சருமாகத்தான் போனோம். ஊர் நிறுத்தத்தில் ஏறி, அரியலூரில் இறங்கி, மாறி ஏறி, ஜன்னல் காற்றில் என் தலை பறந்து பரட்டையாகியிருந்தது. பெரிய டீச்சர் வழி நெடுக உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். அரியலூர் தாண்டியதும் கற்களை ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. அவர் எதையும் பார்க்கவில்லை.

அறையில் மேஜைக்குப் பின்னால் மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர்தான் பேசினார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், காற்றாடியைத் திருப்பி வைக்கச் சொன்னார். மேஜை மேல் எந்தத் தட்டும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "இது என்னம்மா?" என்றார்.

பெரிய டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீப்பு."

மருத்துவர் மேஜை இழுப்பறையில் தொங்கிய சாவியைக் காட்டினார். "பிரஷ்." கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் காட்டினார். "சாவி." ஒவ்வொன்றையும் பெரிய டீச்சர் தெளிவாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். இத்தனை மாதத்தில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் ஆயா சொன்னது நினைவுக்கு வந்தது. "சார், பேருதான் சார் வரல. எதுக்குன்னு நல்லாத் தெரியும் சார். ஒரு சீப்பு இருந்தாக் குடுத்துப் பாருங்க" என்றேன். வாசலில் நின்ற ஊழியர் தன் பின் பாக்கெட்டிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் அதைப் பெரிய டீச்சரிடம் நீட்டினார்.

அவர் இடது கையால் வாங்கினார். தன் தலைக்குக் கொண்டுபோகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னை முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தார். நான் முழங்காலிட்டேன். பறந்துகிடந்த என் தலையை, பழக்கமில்லாத அந்தக் கையால், மூன்று மருத்துவர்களின் முன்னால் வாரிவிட்டார். வகிடு கூட எடுத்தார். வாரிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து, "பேனா" என்றார். பிறகு சீப்பை மேஜையில் வைத்துவிட்டு, மருத்துவரைப் பார்த்து, "கரண்டி, சோப்பு, கத்தரிக்கோல், டம்ளர், தீப்பெட்டி, கடிகாரம்" என்று ஒரே மூச்சில் முடித்து, இடது கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

மருத்துவர் சீப்பை எடுத்து ஊழியரிடம் திருப்பிக் கொடுத்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" என்று என்னைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"நான்தான் சார்."

"வேலைக்குப் போவணும்னு இவங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

"ஆமா சார்."

"புரியுதும்மா. ஆனா ஒரு கொழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தரணுமே இவங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் சண்டை போடுவதற்குக் கூட அங்கே ஒரு ஆள் கிடைக்கவில்லை. காகிதத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் பெரிய டீச்சர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். ஆய்வு நன்றாக முடிந்த நாட்களில் பிள்ளைகளுக்குத் தட்டிக் கொடுப்பாரே, அதே மாதிரி. பத்தும் சொல்லிவிட்டார், ஒன்றைக் கூட விடவில்லை. அவர் கணக்கில் அவர் தேறிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் உதடு அசையவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் ஊர் நிறுத்தம் வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி வேலை இல்லை என்று அவரிடம் யார் சொல்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை. தம்பி போனில், "நீங்களே சொல்லிருங்க டீச்சர். நீங்க சொன்னாத்தான் கேக்கும். திங்கக்கெழம மத்தியானம் நான் வண்டியோட வந்துர்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெரிய டீச்சர் சர்ச்சில் பூசை முடிந்து வரும் நேரத்துக்குப் போனேன். கட்டிலின் மேல் மறுநாள் பள்ளிக்கென்று கஞ்சி போட்டுத் தேய்த்த நீலப் புடவை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஜாக்கெட், கைக்குட்டை. ஆயா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார், நான் ஆயாவைப் பார்த்தேன். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். திட்டினேனே தவிர திரும்பிப் போகவில்லை.

இப்போது நானும் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. கேள்விகளைப் பிரித்துக் கொடுப்பதில்லை, ஆய்வுக்கு வருபவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள், அதிகாரிகள் கடிந்துகொள்கிறார்கள். பரவாயில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரு பிராயச்சித்தம் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தத் திங்கட்கிழமைக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

அன்று பெரிய டீச்சர் மணியடிப்பதற்கு முன்பே வந்துவிட்டார். ஆயா கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் காலை இழுத்து இழுத்து நடந்து போய், மேஜைக்குப் பின்னால் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் விடுப்பில் இருந்த இத்தனை மாதங்களில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். விரித்து வைத்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

முதல் பெயருக்குப் பதில் வரவில்லை. எப்படி வரும்? அது இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் வகுப்பு முடித்துச் செந்துறைப் பள்ளிக்குப் போய்விட்ட பெண். அவர் மனதில் தங்கியிருந்த வரிசை அந்த வருடத்து வரிசை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய டீச்சர் இடது கையில் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பதில் வராமல் அவர் அடுத்த பெயருக்குப் போக மாட்டார், என்றைக்கும் போனதில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. சுவரோரம் நின்றிருந்த நான், "உள்ளேன் டீச்சர்" என்றேன்.

அவர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைச் சொன்னார். அதுவும் போய்விட்ட பிள்ளைதான். "உள்ளேன் டீச்சர்." மூன்றாவது, நான்காவது. பையன் பெயருக்கும் நான், பெண் பெயருக்கும் நான். செய்வது தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளினாள். ஏழோ எட்டோ பெயர் ஆகியிருக்கும். அடுத்த பெயரைச் சொன்னவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்து, வகுப்பைப் பார்த்தார். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கடைசி வரிசை என்று ஒவ்வொரு முகமாக. பிறகு என்னைப் பார்த்தார். நான் "உள்ளேன்" என்று தொடங்கினேன், முடிக்க வரவில்லை.

அவர் பேனாவை மூடினார். ஒற்றைக் கையால் மூடுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. பதிவேட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் ஓடிப் போய்ப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். நாற்காலியைச் சற்றே பின்னால் இழுத்துவிட்டு அதன் முதுகில் கையை வைத்தபடி, யாரும் சொல்லித் தராத ஒரு சொல்லை, தடுமாறாமல் சொன்னார்.

"உக்காரு."

நான் உட்கார்ந்தேன்.